மண்ணில் சிதறிக் கிடக்கும் டிஎன்ஏ: புதிதாக ஆய்வு தொடங்குபவர்களுக்கு

முதுகலை கடைசிப் பருவத்தில் 'மண் நுண்ணுயிர்கள்' என்று ப்ராஜெக்ட் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில் போகிறார்கள். மண்ணை அள்ளுகிறார்கள், கிட்டில் போட்டு டிஎன்ஏ எடுக்கிறார்கள், சீக்வென்சிங்குக்கு (டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்க) அனுப்புகிறார்கள். திரும்பி வரும் பட்டியலை வைத்து 'இந்த மண்ணில் இன்னின்ன பாக்டீரியாக்கள் வாழ்கின்றன' என்று எழுதுகிறார்கள். அந்த 'வாழ்கின்றன' என்ற ஒரு சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

வாக்காளர் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டுப் போனவர், போன தேர்தலுக்கு முன்பே இறந்தவர் என்று எல்லார் பெயரும் அதில் இருக்கும். மண்ணிலிருந்து எடுக்கும் டிஎன்ஏவும் அப்படித்தான். ஒரு செல் செத்து வெடித்த பிறகும் அதன் டிஎன்ஏ களிமண்ணில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பால் கரினியும் நோவா ஃபியரரும் அவர்களுடைய குழுவினரும் 2016-இல் பலவகை அமெரிக்க மண்களைச் சோதித்தபோது, பாக்டீரியா, பூஞ்சை இரண்டிலுமே சராசரியாக 40 சதவீத டிஎன்ஏ உயிருள்ள முழுச் செல்களுக்குள் இல்லை என்று கண்டார்கள். சில மண்களில் இந்த எச்ச டிஎன்ஏ இனங்களின் எண்ணிக்கையை 55 சதவீதம் வரை கூட்டிக் காட்டியது.

உடனே பழைய ஆய்வுகளை எல்லாம் குப்பையில் போட வேண்டியதில்லை. 2018-இல் ஜே லெனனின் குழு பலவகைச் சூழல்களை ஒப்பிட்டுப் பார்த்தது. எச்ச டிஎன்ஏ நிறைய இருந்தாலும் பன்மை மதிப்பீடு பெரிதாகக் கெடுவதில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. செத்தவர்களின் கலவையும் இருப்பவர்களின் கலவையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பட்டியல் தப்பாகாது அல்லவா? ஆக, உங்கள் மண்ணில் நிலைமை எப்படி என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்குச் செல்லுக்கு வெளியே இருப்பதையும் உள்ளே இருப்பதையும் தனித்தனியாக எடுக்கத் தெரிய வேண்டும். வசதிக்காக இவற்றை வெளி டிஎன்ஏ, உள் டிஎன்ஏ என்று சொல்கிறேன்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

வெளி டிஎன்ஏவை நீக்க வேண்டிய அழுக்காக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. நுண்ணுயிர்ச் சமூகத்தில் அது பல வேலைகளைச் செய்கிறது. அதில் எந்த வேலையைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சோதனை மாறும்.

ஒன்று, உணவு. டிஎன்ஏவின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ், ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். பாஸ்பரஸுக்கு அலையும் பாக்டீரியாவுக்கு இது லேசான விஷயமில்லை. காலரா பாக்டீரியா டிஎன்ஏவை வெட்டும் நொதிகளை வெளியே விட்டு, துண்டுகளிலிருந்து பாஸ்பேட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. இத்தாலியின் டெல்லானோவும் டனோவாரோவும் 2005-இல் ஆழ்கடல் வண்டலை அளந்தார்கள். வண்டலின் மேல் 10 சென்டிமீட்டரில் இருந்த டிஎன்ஏவில் பெரும்பகுதி செல்லுக்கு வெளியேதான் இருந்தது. அங்குள்ள நுண்ணுயிர்களின் அன்றாடப் பாஸ்பரஸ் தேவையில் கிட்டத்தட்ட பாதி இந்த டிஎன்ஏ சிதைவதிலிருந்தே கிடைக்கிறது என்பது அவர்கள் கணக்கு. வெளிச்சமே எட்டாத இடத்தில் செத்தவற்றின் மரபணுதான் இருப்பவற்றுக்கு உரம்.

இரண்டு, பசை. கோயில் குளத்துப் படியில் கால் வைத்தால் வழுக்குகிறதே, அந்த மாதிரிப் படலத்தைக் கட்டிப் பிடித்திருக்கும் பொருள்களில் டிஎன்ஏவும் ஒன்று. 2002-இல் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் படலத்தில் டிஎன்ஏவைக் கரைக்கும் டிஎன்ஏஸ் நொதியை விட்டுப் பார்த்தார்கள். இளம் படலம் கலைந்துபோனது. முற்றிய படலம் அவ்வளவு எளிதில் கலையவில்லை, அதற்குள் வேறு பசைகளும் சேர்ந்துவிடுகின்றன. செடிகளும் இந்த வித்தையை அறிந்தவைதான். பட்டாணி வேர்முனை விடும் கொழகொழப்பில் டிஎன்ஏ இருக்கிறது, அதை நொதியால் அழித்துவிட்டால் வேர்முனையைப் பூஞ்சை தாக்குகிறது என்று 2009-இல் காட்டினார்கள்.

மூன்றாவது, மரபணுக் கையிருப்பு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1928-இல் பிரிட்டன் ஆய்வாளர் கிரிஃபித், கொன்றுவிட்ட கொடிய நிமோனியாக் கிருமியையும் ஆபத்தில்லாத உயிருள்ள கிருமியையும் கலந்து எலிக்குச் செலுத்தினார். எலி செத்தது. செத்த கிருமியின் ஏதோ ஒன்று உயிருள்ள கிருமிக்குள் போயிருந்தது. அந்த 'ஏதோ ஒன்று' டிஎன்ஏதான் என்று 1944-இல் ஏவரியும் மெக்லியாடும் மெக்கார்ட்டியும் காட்டினார்கள். எலிக்குள் நடந்தது குளத்திலும் நடக்கிறது. காலரா பாக்டீரியா இறால், நண்டு ஓட்டில் உள்ள கைட்டினில் உட்கார்ந்ததும் வெளி டிஎன்ஏவை உள்ளிழுக்கும் திறன் பெறுகிறது என்பது 2005-இல் தெரிந்தது. 2015-இல் வந்த சேதி இன்னும் சுவாரசியம். அதே கைட்டின் அதன் கையில் ஓர் ஈட்டியையும் கொடுக்கிறது. பக்கத்துச் செல்லைக் குத்திக் கொன்று, கொட்டும் டிஎன்ஏவை எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பாக்டீரியாவும் இப்படிச் செய்வதில்லை. ஆனாலும் ஆன்ட்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்கள் எப்படிப் பரவுகின்றன என்று பார்ப்பவர்கள் இந்தக் கையிருப்பை ஒதுக்க முடியாது. சீனாவின் ஹாய்ஹே ஆற்றுப் படுகையில், வண்டலில் இருந்த எதிர்ப்பு மரபணுக்களில் அதிகம் வெளி டிஎன்ஏவில்தான் இருந்தன.

உணவு என்ற கேள்வி என்றால் சிதையும் வேகத்தை அளக்க வேண்டும். கையிருப்பு என்றால் குறிப்பிட்ட மரபணுவின் பிரதிகளை இரண்டு பகுதியிலும் எண்ண வேண்டும். கணக்கெடுப்புத்தான் என்றால் இரண்டையும் தனித்தனியே சீக்வென்ஸ் செய்ய வேண்டும். மூன்றையும் ஒரே ப்ராஜெக்டில் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள், நாலு மாதம் போதாது.

மண்ணைத் தேர்வதும் அள்ளுவதும்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல ஒப்பீடு பக்கத்திலேயே இருக்கிறது: கரிசலும் செம்மண்ணும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் அதிகம். அதன் பரப்பளவு பெரிது, டிஎன்ஏவை நன்றாகப் பிடித்து வைக்கும். செம்மண்ணில் கயோலினைட் வகைக் களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் அதிகம். கயோலினைட் அந்த அளவுக்குப் பிடிக்காது, ஆனால் இரும்பு ஆக்சைடு பாஸ்பேட்டை விடாமல் பற்றும், டிஎன்ஏவின் முதுகெலும்பே பாஸ்பேட்தான். அதனால் எது ஜெயிக்கும் என்று நான் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். நல்ல ப்ராஜெக்டுக்கு இந்த மாதிரி இழுபறி வேண்டும்.

அள்ளும் முறையில் புதிதாக எதுவும் இல்லை. ப்ளீச்சில் கழுவி நல்ல தண்ணீரில் அலசிய கரண்டி, ஒரு வயலில் ஐந்தாறு இடம், மேல் 10 சென்டிமீட்டர், எல்லாவற்றையும் ஒரு பையில் கலப்பது, 2 மில்லிமீட்டர் சல்லடையில் மெதுவாகச் சலிப்பது, ஐஸ் பெட்டி. அள்ளிய அன்றைக்கே பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது முக்கியம். உறைய வைக்காதீர்கள். காய வைக்காதீர்கள். இடிக்காதீர்கள்.

வழக்கமான மண் டிஎன்ஏ வேலையில் சாம்பிளை நேரே ஃப்ரீசருக்குள் வைப்பதுதான் ஒழுங்கு. இந்த வேலையில் அதுதான் கேடு. உறையும்போது ஐஸ் படிகங்கள் செல் சவ்வைக் கிழிக்கும். உருகியதும் உள்ளே இருந்தது வெளியே வந்துவிடும். காய்ந்த மண்ணை மறுபடி நனைத்தாலும் இதே கதைதான், திடீரென்று உள்ளே பாயும் தண்ணீரில் செல்கள் வெடிக்கும். நான் முதல்முறை செய்தபோது சனிக்கிழமை அள்ளிய மண்ணை 'திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று மைனஸ் 20-இல் வைத்தேன். வெளி டிஎன்ஏ கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் அதே வயலிலிருந்து புது மண் கொண்டுவந்து செய்தபோதுதான் நான் அளந்தது மண்ணை அல்ல, ஃப்ரீசரை என்று புரிந்தது.

அள்ளிய மண்ணில் 10 கிராம் எடுத்து 105 டிகிரி ஓவனில் 24 மணி நேரம் வைத்து ஈரப்பதத்தைக் கணக்கிட்டுவிடுங்கள். முடிவுகள் எல்லாம் உலர்மண் எடைக்குத்தான் சொல்ல வேண்டும். பிஎச்சும் பாருங்கள். அமிலத்தன்மை கூடினால் டிஎன்ஏ களிமண்ணில் அதிகம் ஒட்டும்.

பஃபர்

டிஎன்ஏவுக்கும் களிமண்ணுக்கும் இரண்டுக்குமே எதிர்மின்னூட்டம், நியாயமாக ஒட்டவே கூடாது. நடுவில் கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகள் பாலமாக நிற்பதால்தான் ஒட்டுகின்றன. பாஸ்பேட்டை ஏராளமாகக் கொட்டினால், டிஎன்ஏ உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏ கழன்று வரும். செல்லை உடைக்கும் சோப்போ நொதியோ சிறு கண்ணாடி மணிகளோ இதில் கிடையாது. அதனால் செல்லுக்கு வெளியே இருப்பது மட்டும் வரும் என்பது எதிர்பார்ப்பு.

தேவை 0.12 மோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 8. ஒரு லிட்டருக்கு டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 14.7 கிராம், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.97 கிராம். இவை அன்ஹைட்ரஸ் வகைக்கான எடைகள். பாட்டிலில் டைஹைட்ரேட் என்று போட்டிருந்தால் முறையே 18.4, 2.56 கிராம். லேபிளைப் பார்க்காமல் நிறுத்துப் போடுபவர்கள் எல்லா ஆய்வகத்திலும் ஒருவராவது இருப்பார்கள். ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) ஆற வையுங்கள்.

பிரித்தெடுப்பது

15 கிராம் மண்ணுக்கு 15 மில்லிலிட்டர் பஃபர். 50 மில்லி டியூபில் போட்டு 15 நிமிடம் மெதுவாகப் புரட்டுங்கள். வேகமாக அதிரவைத்துக் கலக்கும் வோர்டெக்ஸ் வேண்டாம், மண்ணில் இருக்கும் மணலே மணி போல வேலை செய்து செல்லை உடைத்துவிடும். பிறகு 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ். மேலே நிற்கும் திரவத்தை ஊற்றி எடுத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். அடியில் உட்கார்ந்த மண்ணை இன்னும் இரண்டு தடவை இதேபோல அலசி மூன்று திரவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் அலசலோடு நிறுத்தினால் கரிசலில் நிறைய விட்டுப்போகும்.

வடிகட்டியில் இறங்கியதுதான் வெளி டிஎன்ஏ. அடியில் மிஞ்சிய மண்ணை வழக்கமான மண் கிட்டில், மணி போட்டு அடித்து எடுத்தால் உள் டிஎன்ஏ. இந்தப் பிரிப்பு துல்லியமானது என்று நினைத்துவிடாதீர்கள். மிகச் சிறிய செல்கள் 0.22 மைக்ரான் துளையிலும் நுழைந்துவிடும். வைரஸ்களும் நுழையும், அவற்றின் டிஎன்ஏ புரத உறைக்குள் பத்திரமாக இருந்தாலும் உங்கள் கணக்கில் 'வெளி'யாகத்தான் பதிவாகும். அதேபோல களிமண்ணில் இறுக ஒட்டிய வெளி டிஎன்ஏ மூன்று அலசலுக்கும் வராமல் நின்று, பின்னால் 'உள்'ளோடு சேரும்.

வெளிப் பகுதியைச் சுத்தம் செய்ய அதே கிட்டின் பின்பாதி போதும். செல் உடைக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டு, டிஎன்ஏவைக் கிட்டின் வடிகுழாயில் (column) ஒட்ட வைக்கும் பஃபரிலிருந்து தொடங்குங்கள். திரவம் கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம், அது மக்கிய பொருள்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம். ஆனால் அலட்சியமும் வேண்டாம், டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆரை நிறுத்துவதில் அதற்கு நிகரில்லை. கழுவும் பஃபரை ஒரு தடவை கூடுதலாக விடுங்கள்.

அளப்பது

ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோடிராப்பை நம்பாதீர்கள். ஹியூமிக் அமிலமும் 260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும், இல்லாத டிஎன்ஏவை இருப்பதாகக் காட்டும். டிஎன்ஏவோடு மட்டும் சேர்ந்து ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் க்யூபிட் மாதிரிக் கருவிதான் சரி. பிரதிகளை எண்ணிக் காட்டும் க்யூபிசிஆரில் முதலில் ஒரே சாம்பிளை அப்படியே ஒன்று, பத்து மடங்கு நீர்த்தது ஒன்று என்று ஓட்டிப் பாருங்கள். நீர்த்ததில் கணக்குப்படி சரியாக 3.3 சுழற்சி தாமதம் வர வேண்டும். அதைவிடக் குறைந்த தாமதமோ, நீர்த்தது முந்திக்கொள்வதோ நடந்தால் தடைப்பொருள் இன்னும் இருக்கிறது.

டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் அகரோஸ் ஜெல்லிலும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். மண்ணில் நாள்பட்ட வெளி டிஎன்ஏ பல நீளங்களில் துண்டாகி, நீளமாக இழுவிய தடமாகத் தெரியும். தடமே இல்லாமல் மேலே கெட்டியான ஒரு பட்டை மட்டும் நின்றால், நீங்கள் இப்போதுதான் செல்களை உடைத்திருக்கிறீர்களோ என்று சந்தேகப்படுங்கள்.

கட்டுப்பாட்டுச் சோதனைகள்

இதை விட்டுவிட்டு எழுதிய அறிக்கையை வைவா எடுப்பவர் முதல் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார். மண் போடாத வெறும் பஃபரை எல்லாக் கட்டத்திலும் கூடவே கொண்டுபோவது ஒன்று. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பது அடுத்தது. லாம்டா ஃபேஜ் என்ற பாக்டீரியா வைரஸின் டிஎன்ஏ கடையில் கிடைக்கும், நீளம் 48,502 கார இணைகள். 1 மைக்ரோகிராமை மண்ணில் கலந்து, அரை மணி கழித்து இதே முறையில் எடுத்து, க்யூபிசிஆரில் எண்ணுங்கள். லாம்டாவின் 1 நானோகிராமில் ஏறக்குறைய 1.9 கோடி பிரதிகள் இருக்கும், அதை வைத்துச் சதவீதம் போடலாம். லாம்டா சேர்க்காத மண்ணையும் கூடவே ஓட்டுங்கள். அதேபோல லாம்டா சேர்த்த சாம்பிளைச் சீக்வென்சிங்குக்கு அனுப்பாதீர்கள், ஈ.கோலையில் வளர்த்து எடுத்த சரக்கு அது, ஈ.கோலை டிஎன்ஏ துளி ஒட்டியிருக்கலாம். களிமண் அதிகமான மண்ணில் திரும்பக் கிடைப்பது மிகக் குறைவாக வரலாம். வந்தால் மறைக்காமல் அந்த எண்ணை எழுதுங்கள், முடிவைப் படிப்பவருக்கு அது வேண்டும்.

கடைசியாக, செல்கள் உடைகின்றனவா என்ற சோதனை. பச்சை ஒளிரும் ஜிஎஃப்பி மரபணு உள்ள லேப் பாக்டீரியாவை நன்றாகக் கழுவி, எண்ணி, ஒரு டியூப் மண்ணில் கலந்து முழு முறையையும் ஓட்டுங்கள். அந்த மரபணு வெளிப் பகுதியில் எவ்வளவு தலைகாட்டுகிறதோ அவ்வளவும் உங்கள் கை உடைத்தது.

பிஎம்ஏ என்ற இன்னொரு வழி

சிலர் பிரித்தெடுக்காமலே, ப்ரொப்பிடியம் மோனோஅசைடு என்ற சாயத்தை விட்டு நீல ஒளி காட்டுவார்கள். முழுச் சவ்வு உள்ள செல்லுக்குள் அது போகாது. வெளியே கிடக்கும் டிஎன்ஏவில் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டு பிசிஆரைத் தடுத்துவிடும். பூட்டியதற்கும் பூட்டாததற்கும் உள்ள வித்தியாசம்தான் எச்ச டிஎன்ஏ. கரினி குழு செய்தது இதைத்தான். தண்ணீர் சாம்பிளுக்கு அருமையான முறை. மண்ணில் கலங்கல் ஒளியை மறைத்துவிடும், நன்றாக நீர்த்துத்தான் செய்ய வேண்டும். கரிசலுக்கு இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்பேன்.

வேலை செய்கிறதா, சும்மா கிடக்கிறதா?

இதுவரை பார்த்தது எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும். சூழலியல் இனிமேல்தான் வருகிறது. இருப்பு குறைவாக இருந்தும் புழக்கம் அதிகமாக இருக்கலாம். கல்லாவில் இருக்கும் பணத்தை மட்டும் எண்ணினால் கடையின் வியாபாரம் தெரியுமா? உதாரணக் கணக்கு ஒன்று: ஒரு கிராம் மண்ணில் 10 மைக்ரோகிராம் வெளி டிஎன்ஏ இருந்தால் அதில் பாஸ்பரஸ் சுமார் 1 மைக்ரோகிராம். பார்த்தால் அற்பம். அது வாரத்துக்கு ஒரு தடவை முழுசாகச் சிதைந்து புதிதாக நிரம்புகிறது என்றால் ஆண்டுக்கு 52 மைக்ரோகிராம், அது அற்பமில்லை.

இதற்கு இரண்டு எளிய சோதனைகள் உண்டு. ஒன்றில், மண்ணை இரண்டு பங்காக்கி ஒன்றில் டிஎன்ஏஸ் விட்டு, மற்றதில் விடாமல், ஒரு மணி நேரம் கழித்து இரண்டிலும் வெளி டிஎன்ஏவை எடுங்கள். நொதி தின்றது நுண்ணுயிர்களுக்கும் எட்டக்கூடியது, மிஞ்சியது களிமண் பாதுகாப்பில் இருப்பது. டிஎன்ஏஸ் வேலை செய்ய மக்னீசியமும் கொஞ்சம் கால்சியமும் வேண்டும். இந்தக் கட்டத்தை ட்ரிஸ் பஃபரில் செய்யுங்கள், பாஸ்பேட் பஃபரில் கால்சியம் படிந்து நொதி முடங்கும். முடிந்ததும் இரண்டு பங்கிலும், அந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ விட்டு நிறுத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

இன்னொன்று சிதைவு வேகம். கரிசல், செம்மண் இரண்டிலும் ஈரப்பதத்தைச் சமமாக வைத்து லாம்டா டிஎன்ஏவைக் கலந்து, 0, 1, 2, 4, 8, 16-ஆம் நாள்களில் ஒவ்வொரு டியூபாக எடுத்து எண்ணுங்கள். ஆட்டோகிளேவ் செய்த மண்ணிலும் ஒரு வரிசை ஓட்டினால், குறைந்ததில் எவ்வளவு உயிர்களின் வேலை, எவ்வளவு களிமண் பிடித்து வைத்துக்கொண்டது என்று பிரிக்க ஓரளவு உதவும். லாக் அளவில் வரைந்தால் பெரும்பாலும் ஒரே நேர்கோடாக வராது. முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு படுத்துவிடும். செங்குத்தான பகுதி தின்னப்பட்டது, படுத்த பகுதி ஒட்டிக்கொண்டு தப்பியது. மணல் துகளில் ஒட்டிய டிஎன்ஏ பெரிதும் நொதிக்குத் தப்பும், ஆனாலும் பாக்டீரியாவுக்குள் போய் வேலை செய்யும் திறனை இழப்பதில்லை என்று லோரன்ஸும் வாக்கர்நாகெலும் 1980-களிலேயே காட்டிவிட்டார்கள். கிரீன்லாந்தின் வடமுனையில் 20 லட்சம் ஆண்டு பழைய வண்டலிலிருந்து 2022-இல் டிஎன்ஏ படிக்க முடிந்ததற்கும் குளிரோடு இந்தக் கனிமப் பிடிப்புதான் காரணம். உங்கள் வரைபடத்தில் கோடு படுக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் தனித்தனி அரைவாழ்வு (பாதியாகக் குறைய ஆகும் காலம்) போடுங்கள், மொத்தத்துக்கும் ஒன்றைப் போட்டு இழுக்காதீர்கள்.

பிரித்துச் சுத்தம் செய்த டிஎன்ஏவை இனி தாராளமாக மைனஸ் 20-இல் வைக்கலாம். ஒரே டியூபாக வைத்துத் திரும்பத் திரும்ப உருக்காமல் 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, மண்ணின் பெயர், 'வெளி' அல்லது 'உள்', தேதி மூன்றையும் மூடியில் இல்லாமல் டியூபின் உடம்பில் எழுதி வையுங்கள். மூடிகள் மாறிப்போகும்.